புண் ஒரு துறை, ஆள் ஒரு துறை

சுற்றறிக்கை வந்த செவ்வாய்க்கிழமை காலையில் நர்சம்மா அதைச் சரியாகப் படிக்கவில்லை. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மருந்துப் பையை எடுத்துக் கிளம்பியவளைக் கிரேன் அக்காதான் நிறுத்தினாள்.

"அதுல என் பேரு இருக்காம் சிஸ்டர். என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

கிரேன் அக்கா உதவியாளர். படுக்கையோடு படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பிரிவு அவர்களுடையது. பதினோரு வருடமாக இருவரும் ஜோடி. நர்சம்மா புண்ணைக் கழுவிக் கட்டுவாள், மருந்து கொடுப்பாள். அக்கா குளிப்பாட்டி, துணி மாற்றி, ஆளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பாள். தொண்ணூறு கிலோ ஆளையும் பூனைக்குட்டி மாதிரி அலுங்காமல் தூக்கிப் புரட்டிவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. வைத்தது ஒரு நோயாளிதான். அக்காவுக்கு அதில் பெருமை.

நர்சம்மா நின்றபடியே படித்தாள். பொறுப்புகளைத் தெளிவுபடுத்தும் பொருட்டு, ஒன்றாம் தேதி முதல் நோய்க்கான சிகிச்சை சுகாதாரத் துறையிடமே இருக்கும். அன்றாடப் பராமரிப்பு நலத்துறைக்குப் போகும். உதவியாளர்கள் அனைவரும் அந்தத் துறைக்கு மாற்றப்படுகிறார்கள்.

"அன்றாடப் பராமரிப்புன்னா?"

"குளிக்க வைக்கிறது, ஊட்டுறது, திருப்பிப் படுக்க வைக்கிறது. அதாவது நீங்க."

"சரி, அங்கயிருந்து கிளம்பி வரப்போறேன். அவ்வளவுதானே."

நர்சம்மாவும் அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஆனால் நலத்துறையில் உதவியாளர் என்ற பதவியே இன்னும் உருவாக்கப்படவில்லை. பதவி இல்லாமல் ஆளை வெளியே அனுப்ப விதி இல்லை. ஆளைச் சும்மா உட்கார வைக்கவும் விதி இல்லை. கிரேன் அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, வருகிற மனுக்களுக்கு முத்திரை குத்தச் சொன்னார்கள்.

நர்சம்மாவின் பட்டியலில் இருந்த பதினெட்டு வீடுகளில் முதலில் அடி விழுந்தது லிஃப்ட்காரர் வீட்டில்.

லிஃப்ட்காரருக்கு நாற்பத்தாறு வயது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான்கு வருடம் முன்பு ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழியில் விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியது. கழுத்துக்குக் கீழே வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். கல்யாணம் ஆகாதவர். கணவனை இழந்து தனியாக இருந்த அவருடைய அக்கா மூட்டை முடிச்சோடு வந்து தம்பியோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மூன்றுக்குத்தான் விடுவார்கள். கிளம்பும் முன் தம்பியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவாள், வந்ததும் திருப்புவாள். நடுவில் இருந்த ஒன்பது மணி நேரத்தைக் கிரேன் அக்காதான் பார்த்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு மட்டும் தினமும் இரண்டு தடவை வருவாள். நர்சம்மா வாரத்தில் மூன்று நாள்.

ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும்தான் வீடு. ஜன்னலை ஒட்டிக் கட்டில். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். கட்டிலின் தலைமாட்டில் பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை ஆணியில் மாட்டச் சொல்லியிருந்தார் லிஃப்ட்காரர். எதற்கு என்று கேட்டால், "சிஸ்டர், நானும் தொழிலாளிதான்னு வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா" என்பார்.

ஒன்றாம் தேதி அவருடைய முதுகுக்கடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு புண் இருந்தது. ஆறிக்கொண்டு வந்த புண். சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் கட்டியிருந்தது. இன்னும் பத்து நாளில் மூடிவிடும் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள்.

பத்து நாளில் அது இரண்டு மடங்கானது.

"கிரேன் எப்ப வரும்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"வந்துடுவாங்க. பேப்பர் வேலை நடக்குது."

"ஆயுசு பூரா ஆளுங்கள மேலயும் கீழயும் ஏத்தி இறக்கினேன் சிஸ்டர். இப்ப என்னை இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தள்ள ஒரு ஆள் இல்ல பாருங்க."

அவர் சிரித்தார். நர்சம்மாவும் சிரித்தாள். பிறகு கட்டிலின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, விரிப்பைப் பிடித்து இழுத்து, தனி ஆளாக அவரைப் புரட்டினாள். ஐம்பத்தாறு வயது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் தன் முறை இல்லாத நாட்களிலும் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து ஒரு தடவை திருப்பிவிட்டுப் போனாள். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. ஒரு தடவை திருப்பினால் போதுமான உடம்பும் இல்லை அது.

மூன்றாம் வாரம் நர்சம்மா லிஃப்ட்காரரின் அக்காவைக் கூட்டிக்கொண்டு நலத்துறை அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் முதல் மேசையிலேயே கிரேன் அக்கா உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். மனுவை வாங்கி முத்திரை குத்தினாள்.

"எப்படியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எலும்பு தெரிய ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் நர்சம்மா.

கிரேன் அக்கா முத்திரையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்த அலுவலர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியை இவர்கள் பக்கம் திருப்பினார், மனுவை முழுதாகப் படித்தார்.

"வீட்டுல யாரும்மா இருக்கீங்க?"

"நான்தான் சார். அவனுக்கு அக்கா."

"அப்ப குடும்பம் இருக்கு. குடும்பம் இல்லாதவங்களுக்குத்தான் முதல்ல."

"பகல்ல நான் வேலைக்குப் போயிடுவேன் சார். யாரும் இருக்க மாட்டாங்க."

"வேலைக்குப் போறீங்களா? அப்ப வருமானம் இருக்கு. ஒரு ஆளை வச்சுக்கலாமே."

"ஆளு வைக்கிற அளவுக்கு எனக்கு எங்க சார் குடுக்கிறாங்க."

"அப்ப வேலையை விட்டுட்டு நீங்களே பாத்துக்கலாம்."

"விட்டுட்டா ரெண்டு பேரும் என்ன சாப்பிடறது?"

"அது வேற பிரிவும்மா. மாடியில விசாரிங்க."

நர்சம்மா குறுக்கிட்டாள். "சார், புண்ணு நாளுக்கு நாள் பெருசாகுது."

"புண்ணு உங்க துறைதானே சிஸ்டர்?"

"திருப்பிப் படுக்க வைக்காததாலதான் சார் புண்ணே வருது."

"திருப்புறது எங்க துறைதான், நான் இல்லைங்கல. ஆனா ஆள் இன்னும் நியமிக்கல."

"அந்த ஆளு அதோ வாசல்ல உக்காந்து முத்திரை குத்திக்கிட்டிருக்காங்க."

அலுவலர் எட்டிப் பார்த்தார். "அவங்க தற்காலிகமா அலுவலகப் பணியில இருக்காங்க" என்றார். அந்த விளக்கத்தில் அவருக்கே திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் மனுவைக் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டார்.

மறுநாள் நர்சம்மா தன் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனாள். இருவரும் ஒரே வருடம் நர்சிங் படித்தவர்கள், விடுதியில் ஒரே அறை. அந்த நாளில் மேற்பார்வையாளருக்கு 'முதல் பெஞ்சு' என்று பட்டப்பெயர். இப்போது ஊழியர் முன்னால் மேடம். கதவைச் சாத்தினால் பழையபடி டி போட்டுப் பேசிக்கொள்வார்கள்.

"ஒரு சென்டிமீட்டர் இருந்தது அஞ்சு ஆயிடுச்சுடி. நாலு ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன்."

"எல்லாத்தையும் மேல அனுப்பிட்டேன்."

"மேலன்னா எங்க?"

"மேலன்னா மேல. என்னைக் கேட்டா?" முதல் பெஞ்சு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். "இந்த மாசக் கணக்குல நம்ம பிரிவுல புண்ணு மோசமானதுன்னு காட்டுது. கட்டு சரியா போடலையோன்னு கேக்கிறாங்க."

"நான் போட்ட கட்டுலயா குறை?"

"நீ கட்டினதை நான் குறை சொல்வேனா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கில்ல, அதை நீ காலியா விட்டிருக்க. பராமரிப்பு இல்லாததாலன்னு எழுது. பந்து அவங்க பக்கம் போயிடும். அவங்க பதில் சொல்லியே ஆகணும். ஆளும் வரும்."

நர்சம்மா யோசித்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. படிக்கும் காலத்தில் அவர்களுடைய ஆசிரியை ஒருத்தி, படுக்கைப் புண் வந்தால் நோயாளியைக் கேட்காதே, வார்டைக் கேள் என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்திருந்தாள். இத்தனை வருடம் கழித்து அதைத்தானே எழுதப்போகிறோம் என்று நர்சம்மா அங்கேயே பேனாவை எடுத்தாள். 'பகல் நேரப் பராமரிப்பு இல்லாததால் புண் மோசமடைந்துள்ளது' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அன்று மனசு லேசாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் போனபோது லிஃப்ட்காரரின் அக்கா வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினாள்.

நலத்துறையிலிருந்து வந்த நோட்டீஸ். தங்கள் பொறுப்பில் உள்ள நோயாளிக்குப் 'பகல் நேரப் பராமரிப்பு இல்லாததால் புண் மோசமடைந்துள்ளது' என்று சுகாதாரத் துறை நர்ஸ் எழுத்துமூலம் தெரிவித்துள்ளார். இந்த அலட்சியத்துக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

"இது நீங்க எழுதினதா சிஸ்டர்?"

"நான் எழுதினதுதான். ஆனா உங்களைச் சொல்லலம்மா. அவங்க ஆள் அனுப்பாததைத்தான் சொன்னேன்."

"இதுல அவங்க பேரு இல்லயே. என் பேருதான இருக்கு."

"நான் போய்ப் பேசறேன். இது தப்பா—"

"பேசினதெல்லாம் போதும் சிஸ்டர்." குரல் உயரவில்லை. "பகல்ல நீங்கதான வந்து போறீங்க. என் தம்பியை நான் எப்படிப் பாத்துக்கறேன்னு உங்களுக்குத் தெரியாதா? நாலு வருஷம் இந்த உடம்புல ஒரு புண்ணையும் பெருசாக விடாம வச்சிருந்தேனே."

"அக்கா, விடு" என்றார் லிஃப்ட்காரர்.

"நீ சும்மா இருடா."

அன்று நர்சம்மா கட்டு மாற்றியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துத் தம்பியைத் திருப்பினாள். நர்சம்மா வந்தால் கதவைத் திறந்துவிட்டுச் சமையல் மூலைக்குப் போய்விடுவாள். எட்டாம் நாள் ஓட்டலில் இருந்து ஆட்கள் வந்தார்கள். வருகிறாயா, இல்லை வேறு ஆளைப் போட்டுக்கொள்ளவா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நர்சம்மா பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தபோதே வாடை சொல்லிவிட்டது. லிஃப்ட்காரருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் ஆனது வண்டி வர. அந்த நாற்பது நிமிடமும் அவருக்கு நினைவு இருந்தது.

"சிஸ்டர், அந்த நோட்டீசை நானும் படிச்சேன்."

"இப்பப் பேசாதீங்க."

"அக்கா சொல்றதைப் பெருசா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க." மூச்சு வாங்கியது. "யாருன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க."

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில், அக்கா முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், போய்ச் சேர்ந்தார்.

விசாரணை ஒன்று நடந்தது. இரண்டு துறையும் சேர்ந்து நடத்திய முதல் கூட்டம் அதுதான். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அந்தப் பக்கம் மூன்று பேர். ஓரத்தில் முதல் பெஞ்சு உட்கார்ந்து பேசுவதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நர்சம்மாவின் அறிக்கையைத் தலைவர் உரக்கப் படித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான். அந்த வாக்கியத்துல விட்டுப்போனதைச் சொல்லத்தான் வந்திருக்கேன் சார். பராமரிப்பு இல்லாமப் போனது நலத்துறை ஆள் அனுப்பாததால. இருந்த ஆளை எடுத்துக் குடுத்தது நம்ம துறை. அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்ல."

"இது உங்க அறிக்கையில இல்லையே."

"அதான் இப்ப சொல்றேன்."

"சம்பவத்துக்கு அப்புறம் சொல்றதை நாங்க எப்படி எடுத்துக்கறது?"

"புண்ணு பெருசாகுதுன்னு சம்பவத்துக்கு முன்னாடியே நாலு ரிப்போர்ட் குடுத்தேன் சார். மேல அனுப்பினதாச் சொன்னாங்க."

நர்சம்மா முதல் பெஞ்சைப் பார்த்தாள். முதல் பெஞ்சு தலை நிமிரவில்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆள் ஒரு காகிதத்தைப் புரட்டினார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க வாக்குமூலத்துல, நீங்க உங்க நாள் இல்லாத நாள்லயும் சாவி வாங்கினதாச் சொல்லியிருக்காங்க. எதுக்கு?"

"அவரைத் திருப்பிப் படுக்க வைக்க."

"அது உங்க வேலையில வராதே. எத்தனை தடவை?"

"எண்ணல சார்."

"தனியா ஆளைப் புரட்டக் கூடாதுன்னு விதி இருக்கறது தெரியுமா? புண்ணு அதனால உராய்ஞ்சிருக்கலாம் இல்லையா?"

முப்பத்திரண்டு வருட வேலையில் நர்சம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் பேசாமல் இருந்ததையும் முதல் பெஞ்சு குறித்துக்கொண்டாள்.

குடும்பத்தினரின் அலட்சியமே முதன்மைக் காரணம் என்று முடிவானது. இறந்தவரின் அக்காவின் நிலையைக் கருதி மேல்நடவடிக்கை வேண்டாம் என்று பெருந்தன்மையாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். வரம்பு மீறிய நர்சுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. இரு துறைகளும் தத்தம் பொறுப்பைக் குறைவின்றிச் செய்திருக்கின்றன. நர்சம்மா கையெழுத்துப் போட மறுத்தாள். மறுத்தார் என்று எழுதி, சாட்சியாக முதல் பெஞ்சு கையெழுத்துப் போட்டாள்.

நடைபாதையில் முதல் பெஞ்சு பின்னாலேயே வந்தாள். "உன்னை வேலையை விட்டு எடுக்கணும்னாங்க. நான்தான் பேசி எச்சரிக்கையோட நிறுத்தினேன். எல்லாரையும் காப்பாத்த முடியாதுடி."

"நீ யாரைக் காப்பாத்தின?" என்று கேட்டாள் நர்சம்மா. முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அதுதான் அவளிடம் கடைசியாகப் பேசியது.

முடிவு தபாலில் போய்ச் சேரும் முன் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று நர்சம்மா மறுநாளே ஓட்டல் சலவைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும் மூச்சை முட்டின. இயந்திரங்களின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். லிஃப்ட்காரரின் அக்கா இஸ்திரி இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு விரிப்புக்கு இரண்டு ஆள் வேண்டும். கூட மடிப்பவள் எங்கோ போயிருந்தாள். நர்சம்மா பையைக் கீழே வைத்துவிட்டு எதிர் முனைகளைப் பிடித்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து ஏழெட்டு விரிப்பு மடித்தார்கள். கிட்டே வருகிறபோதெல்லாம் நர்சம்மா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி முடித்தாள்.

"சரி" என்றாள் அவள்.

"சரியில்லம்மா. நான் இதை விடப்போறதில்ல. மேல எழுதப்போறேன். இந்தத் தடவை யார் யாருன்னு பேரோட எழுதறேன்."

"எழுதிட்டு? திரும்ப எனக்கு ஒரு நோட்டீசு வரும்."

நர்சம்மா விரிப்பின் முனைகளை இழுத்துப் பிடித்தாள்.

"யார் தலையிலயாவது போட்டாத்தான அவங்க ஃபைலை மூட முடியும் சிஸ்டர். உங்க துறைக்குப் பெரிய கட்டடம் இருக்கு, அவங்களுக்கும் இருக்கு. நான் ஒருத்திதான் கைக்கெட்டுற தூரத்துல இருந்தேன்." அவள் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கறேன். அவங்க எழுதியிருக்கறது பொய்யில்லயே. பகல்ல நான் இல்லதான. இங்கதான இருந்தேன். யாரோ படுத்து எழுந்த விரிப்பை மடிச்சுக்கிட்டு."

"அப்படி நினைக்காதீங்கம்மா. அது உங்க குத்தம் இல்ல."

"நீங்க சொல்றீங்க. கையெழுத்துப் போட்டு யாரும் சொல்லலயே."

கூட மடிப்பவள் திரும்பி வந்து, யார் இது என்பது போல் நின்றாள். நர்சம்மா தன் பக்கத்து முனைகளை அவளிடம் கொடுத்தாள்.

"நான் வந்து போய்க்கிட்டிருக்கேன்" என்றாள்.

"வேணாம் சிஸ்டர். இனிமே வீட்டுல பாக்க யாரும் இல்ல."

இயந்திரத்திலிருந்து அடுத்த விரிப்பு வெளியே வந்தது. அவர்கள் இருவரும் அதைப் பிடித்து விரித்தார்கள். இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்ததால், நர்சம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.